எம்.ஏ. தபாலில் முடித்தவர் அமெரிக்க இலக்கியத்தில் பிஎச்.டி. செய்யலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். பத்தாவதும் பிளஸ் டூவும் அரசுப் பள்ளியில், தமிழ்வழி. பி.ஏ. ஆங்கில இலக்கியம் வேலூரில், ரெகுலர். கல்யாணத்துக்குப் பிறகு எம்.ஏ.வைத் தபாலில் முடித்து 58 சதவீதம் எடுத்திருக்கிறார். இப்போது ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அமெரிக்க இலக்கியத்தில் பிஎச்.டி. சேர ஆசை. ஆனால் தெரிந்த ஒருவர், “உங்க அகாடமிக் பேக்ரவுண்டு இதுக்குப் பத்தாதும்மா” என்று சொல்லிவிட்டாராம். அது உண்மையா என்பதுதான் கேள்வி.

பாதி உண்மை அம்மா. ஆனால் அவர் மனதில் வைத்துச் சொன்ன பாதி வேறு, உண்மையான பாதி வேறு.

நான் இந்த ஊர்ப் பக்கம் வடஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்தபோதே ஆங்கிலத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவன். 1989இல் மாவட்டம் இரண்டானது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றானது, நானும் ஓய்வுபெற்றேன். நேர்முகத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் காகிதத் தகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2022 விதிகளின்படி, மூன்று வருட டிகிரிக்குப் பிறகு இரண்டு வருட முதுகலை, அதில் 55 சதவீதம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், க்ரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. உங்களுக்கு 58. தாண்டியாயிற்று. தபாலில் படித்தது ஒரு குறையே இல்லை. பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் அந்த ஆண்டில் யுஜிசியின் தொலைநிலைக் கல்வி அங்கீகாரம் இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் நம் மாநிலத்தில் தலைவலி. உங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, டிகிரி, முதுகலை எல்லாம் வரிசையாக இருக்கிறது. எம்ஃபில் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். 2022 விதிகளோடு அந்தக் கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. எம்.ஏ.வைத் தபாலில் படிக்கலாம், பிஎச்.டி.யைத் தபாலில் படிக்க முடியாது. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, ‘வீட்டிலிருந்தே ஆன்லைன் பிஎச்.டி.’ என்று வரும் விளம்பரங்கள் செல்லாது என்று யுஜிசியே அறிவித்திருக்கிறது. பார்ட் டைம் என்பது வேறு, அது செல்லும். அதற்கு நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நுழைவுக்கு இப்போது நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுதான் முக்கிய வழி. 2024 முதல் நெட்டில் மூன்று வகைத் தேர்ச்சி இருக்கிறது: உதவித்தொகையோடு, உதவிப் பேராசிரியர் தகுதியோடு, வெறும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னால் சொன்ன இரண்டு வகைக்கும் நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்முகம் 30 சதவீதம் என்று கணக்கு. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். சில பல்கலைக்கழகங்கள் சொந்தத் தேர்வும் நடத்துகின்றன, அந்தந்த அறிவிப்பைப் பாருங்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: நெட் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள் இருக்கின்றன. நாடகம், கவிதை, புனைகதை, உரைநடை, அப்புறம் மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, விமர்சனம், கோட்பாடு, ஆய்வுமுறை என்று போகும். அமெரிக்க இலக்கியம் என்று தனி அலகே கிடையாது. எல்லாவற்றுக்குள்ளும் உப்பு மாதிரி கரைந்து கிடக்கும்.

அந்த நண்பர் சொன்னதில் உண்மையான பாதி இங்கேதான் தொடங்குகிறது. நம் எம்.ஏ.வில் அமெரிக்க இலக்கியம் பெரும்பாலும் ஒரே ஒரு தாள். எமர்சன் கட்டுரை ஒன்று, விட்மன், டிக்கின்சன், ஃப்ராஸ்ட் என்று பத்துப் பன்னிரண்டு கவிதைகள், ஓநீல் அல்லது மில்லரின் நாடகம், ஒரு நாவல். ஒரு செமஸ்டர், தொண்ணூறு நாள், ஐந்து யூனிட். ரெகுலரில் படித்தவருக்கும் அவ்வளவுதான், தபாலில் படித்தவருக்கும் அவ்வளவுதான். ஆக, பின்புலம் பத்தாது என்பது உங்களுக்கு மட்டுமான குறை கிடையாது. ரெகுலரில் 75 சதவீதம் வாங்கியவருக்கும் அதே குறை உண்டு. அவருக்கு அது தெரிவதில்லை, உங்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வகையில் நீங்கள் ஒரு படி முன்னால்.

ஒரு நேர்முகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வந்த பையன் கெட்டிக்காரன்; ரெகுலர் எம்.ஏ., 72 சதவீதம். எமிலி டிக்கின்சனில் மரணம் என்பது அவன் தலைப்பு. மரணம் ஒரு கனவானைப் போல வண்டி கட்டிக்கொண்டு வந்து ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும் கவிதை உண்டே, அதைச் சொன்னான். வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிறது, கதிர் முற்றிய வயலைத் தாண்டுகிறது, சூரியனைத் தாண்டுகிறது, கடைசியில் மண் மேடு போலிருக்கும் ஒரு வீட்டின் முன்னால் நிற்கிறது. பயமே இல்லாத, நிம்மதியான பயணம் என்று அழகாகத் தொகுத்தான். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்த அம்மாவுக்குக் குளிரலையா, தம்பி?”

பையன் விழித்தான். “கவிதையில மொத்தம் எத்தனை ஸ்டான்சா?” “அஞ்சு சார்.”

ஆறு. டிக்கின்சன் 1886இல் இறந்தார். கிட்டத்தட்ட 1,800 கவிதைகளை எழுதி வைத்திருந்தார். உயிரோடு இருந்தபோது அச்சானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் வரிகளுக்கு நடுவில் அவர் போட்டிருந்த சிறு கோடுகளை (டேஷ்) எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டார்கள், தலைப்பில்லாத கவிதைகளுக்குத் தலைப்பு வைத்தார்கள், இந்தக் கவிதையில் ஒரு ஸ்டான்சாவையே தூக்கிவிட்டார்கள். எது? வண்டி சூரியனைத் தாண்டுகிறது என்று சொன்ன கையோடு, இல்லையில்லை, சூரியன்தான் எங்களைத் தாண்டிப் போனது என்று அந்தப் பெண் தன்னைத் திருத்திக்கொள்கிறாள். பனி இறங்குகிறது, உடம்பு நடுங்குகிறது, உடுத்தியிருப்பதோ மெல்லிய துணி. கவிதை அந்த இடத்தில்தான் திரும்புகிறது. நிம்மதிப் பயணம் என்று அதுவரை நினைத்திருந்தவனுக்கு அங்கே சில்லென்று ஒன்று உறைக்கும். 1955இல் தாமஸ் ஜான்சன் கையெழுத்துப் படிகளை வைத்துப் பதிப்பித்தபோது அது முறையாகத் திரும்பி வந்தது. 1890 தொகுப்புக்குக் காப்புரிமை இல்லை என்பதால் நம் ஊர் கைடுகளிலும் நோட்ஸ்களிலும் அதையே இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் பொய் சொல்லவில்லை. அவனுடைய நோட்ஸ் 1890இல் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான்.

அவனுக்கு அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கையில் ஜான்சன் பதிப்போடு வந்தான். இப்போது அவனே பாடம் நடத்துகிறான்.

அதனால் அகாடமிக் பேக்ரவுண்டு என்று நேர்முகத்தில் கேட்டால், ‘பத்தாவது இந்தப் பள்ளி, பிளஸ் டூ அந்தப் பள்ளி’ என்று தொடங்காதீர்கள். அது எதிரில் இருக்கும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது நீங்கள் எதை, எந்தப் பதிப்பில், முழுதாகப் படித்தீர்கள் என்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை படித்த அமெரிக்க நூல்களை மட்டும் எழுதுங்கள். நோட்ஸ் வழியாகத் தெரிந்ததை அதில் சேர்க்காதீர்கள். முதல் தடவை எழுதும்போது ஆறு ஏழுதான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது, வெட்கமாக இருந்தது. ஒரு வருடத்தில் அது முப்பதானால் போதும். அதுதான் உங்கள் பேக்ரவுண்டு.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் சேர்ந்த காலத்தில் அமெரிக்க இலக்கியம் என்றால் ஹைதராபாத்துக்கு ரயில் ஏற வேண்டும். உஸ்மானியா வளாகத்தில் 1964இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வு மையத்தின் நூலகம்தான் எங்களுக்கு எல்லாம். அங்கே பதினைந்து நாள் தங்கி, பகலெல்லாம் குறிப்பு எடுத்து, மாலையில் ஜெராக்ஸ் கடையில் நின்று, ஒரு பை நிறைய காகிதத்தோடு காட்பாடியில் வந்து இறங்குவோம். இன்றைக்கு அந்தப் பையில் இருந்ததில் பாதிக்கு மேல் உங்கள் போனிலேயே இருக்கிறது. டிக்கின்சனின் கையெழுத்துப் படிகளே இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. விட்மன் ‘புல்லின் இதழ்கள்’ (Leaves of Grass) என்ற தன் கவிதை நூலை 1855இல் பன்னிரண்டு கவிதைகளோடு வெளியிட்டு, சாகும்வரை கூட்டிக்கூட்டி எழுதிக்கொண்டே இருந்தார். அத்தனை பதிப்புகளும் விட்மன் ஆவணக் காப்பகத் தளத்தில் பக்கம் பக்கமாக உண்டு. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்த நூல்களுக்கு அங்கே காப்புரிமை கிடையாது என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இலவசம். ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும் ஜேஸ்டார் தளத்தில் சொந்தக் கணக்கு திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நூலகம் இருக்கிறது. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் போய்விட்டு இரவுக்குள் குடியாத்தம் திரும்பிவிடலாம்.

தமிழ்வழிப் படிப்பு பற்றித் தயங்கியே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பழைய கதை சொல்லட்டுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே அமெரிக்க இலக்கியத்தை வெகுகாலம் திண்ணையில்தான் உட்கார வைத்திருந்தார்கள். ஆங்கிலம் என்றால் இங்கிலாந்து. ஷேக்ஸ்பியரும் மில்டனும்தான் படிப்பு. யேல் பல்கலைக்கழகம் அந்த நாட்டின் முதல் பிஎச்.டி. பட்டங்களைக் கொடுத்தது 1861இல். ஆனால் நவீன மொழிகள் சங்கத்தில் அமெரிக்க இலக்கியத்துக்கு என்று ஒரு குழு உருவானது 1921இல்தான். அதற்கென்று ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்விதழ் வந்தது 1929இல். ‘மோபி டிக்’ நாவலை எழுதிய மெல்வில் 1891இல் கிட்டத்தட்ட மறக்கப்பட்டவராகச் செத்தார். 1920களில்தான் அவரைத் தோண்டி எடுத்துத் தூசி தட்டினார்கள். ‘உனக்குப் பேக்ரவுண்டு பத்தாது’ என்று சொல்லக் கேட்டே வளர்ந்த துறை இது. அதனிடம் போய் நீங்கள் கூச்சப்பட என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் வேண்டும், அது தனி வேலை. தினம் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழ்வழி என்பதைத் தடையாகப் பார்க்காதீர்கள்.

தலைப்புக்கு வருவோம், ஏனென்றால் பின்புலத்தையும் தலைப்பையும் பிரிக்க முடியாது. இந்தியப் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில், அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் பெயரைத் தட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வரும். மாரிசன் பெரிய எழுத்தாளர்தான், 1993இல் நோபல் வாங்கியவர், மறுக்கவில்லை. ஆனால் ‘மாரிசனின் நாவல்களில் அடையாளத் தேடல்’ என்று இன்னொரு ஆய்வேட்டைப் படிக்க என் கண்ணுக்குச் சக்தி இல்லை. மாரிசனையும் ஒரு தமிழ் தலித் எழுத்தாளரையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதும் அரைத்த மாவு. செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. புதிதாகச் சொல்ல ஒன்று இருந்தால் செய்யுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தைப் பாருங்கள் அம்மா. ஊரீசு கல்லூரி என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அது வூர்ஹீஸ். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பெயர். டச்சு வழிவந்த அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை 1853இல் இங்கே ஆற்காடு மிஷனைத் தொடங்கியது. ஸ்கடர் குடும்பத்து அண்ணன் தம்பிகள் அதற்கு முன்னால் நின்றார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் பிறந்தது நம் ராணிப்பேட்டையில், 1870இல். இதெல்லாம் நமக்கு ஆஸ்பத்திரி வரலாறாகத் தெரியும். ஆனால் இவர்கள் எழுதிக்கொண்டே இருந்தவர்கள். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்கக் குழந்தைகளுக்காக நம் மக்களின் சடங்குகளையும் சாமிகளையும் பற்றிச் சிறு கதைகளாக 1849இல் ஒரு நூல் வெளியிட்டார். மதனப்பள்ளியில் இருந்த ஆற்காடு மிஷன் பாதிரியார் ஜேக்கப் சேம்பர்லின் புலிக்காட்டு அனுபவங்களைப் போட்டு 1896இல் ஒரு நூல் எழுதினார். நியூயார்க்கில் ஒரு குழந்தை விளக்கொளியில் உட்கார்ந்து நம் ஊரைப் பற்றி என்ன படித்தது, என்ன பயந்தது, யாருக்காகக் காசு சேர்த்தது? இது அமெரிக்க எழுத்துதான். நாவலும் கவிதையும் மட்டுமே இலக்கியம் என்று பார்க்கும் காலம் போய்விட்டது. துண்டுப் பிரசுரம், கடிதம், பயணக் குறிப்பு எல்லாவற்றையும் இப்போது படிக்கிறார்கள். அந்தத் திருச்சபையின் ஆவணக் காப்பகம் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகை உண்டு. ‘மாரிசனில் அடையாளம்’ என்று எழுதிப் போட்டால் ஏன் இங்கிருந்தே செய்ய முடியாது என்று கேட்பார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் ஆற்காட்டுக் கடிதங்கள் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இன்னொன்று. அமெரிக்க எழுத்தாளர் தோரோ குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்து எழுதிய ‘வால்டன்’ 1854இல் வந்தது. குளத்துப் பனியைக் கூலியாட்கள் அறுத்து எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, என் குளத்துத் தண்ணீரை மதராஸ்காரனும் குடிக்கிறான் என்கிறார். மதராஸ் என்று பெயரைச் சொல்லியே எழுதுகிறார். அது கற்பனை இல்லை. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பினார், அதை வைக்க மெரினாவில் 1842இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். மே மாதம் வேலூரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். நம் வெயிலில் வெந்தவருக்கு அந்த வரி வேறு மாதிரி கேட்கும். அப்படி வேறு மாதிரி கேட்பதுதான் ஆய்வுக்கு விதை.

சரி, இனி நடைமுறை. கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், கிடைப்பதுதான் பெரும்பாடு. ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டு கூட இல்லாதவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. அதனால் பெரிய பெயரைத் தேடி ஓடாமல், இடம் காலியாக இருப்பவரை, அமெரிக்க இலக்கியத்தில் உண்மையிலேயே எழுதியிருப்பவரைத் தேடுங்கள். சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், அதனோடு இணைந்த கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகள், காட்பாடிப் பக்கம் விஐடி என்று சுற்றுவட்டாரத்திலேயே வாய்ப்புகள் உண்டு. கைடைப் பார்க்கப் போகும் முன் அவருடைய இரண்டு கட்டுரையாவது படித்துவிட்டுப் போங்கள். பழக்கூடையோடு போகிறவர்களையே பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள்.

சேர்ந்தபின் கோர்ஸ் ஒர்க் என்று சில பாடங்கள் படிக்க வேண்டும், 12 முதல் 16 கிரெடிட். அதில் 55 சதவீதம் வாங்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தருகிறார்கள், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. உங்கள் சூழ்நிலைக்கு இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கல்லூரி வேலைக்காகத்தான் பிஎச்.டி. என்றால், 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட், அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்வுதான். அதை முதலில் முடியுங்கள். உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு பள்ளி வேலையில் நீடிக்க முடியாது, முழுநேரமாக வர வேண்டியிருக்கும்.

என்ஓசி விஷயம். யுஜிசி விதிப்படி அந்தக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பார்ட் டைமாகப் படிக்க அனுமதி, வேலைக்கிடையே ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக விடுவிப்போம் என்ற ஒப்புதல். மூன்றாவது வரியைப் பார்த்ததும் தாளாளர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். என் மாணவி ஒருத்தி, பள்ளி திறந்த பரபரப்பில் ஜூன் மாதம் போய்க் கேட்டு, கடிதமும் கிடைக்காமல் இரண்டு வகுப்பு கூடுதலாகத் தலையில் வாங்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த வாரத்தில் போங்கள், உங்கள் வகுப்பு ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. வாசகத்தை நீங்களே டைப் அடித்து எடுத்துப் போங்கள். அவர் கையெழுத்தும் சீலும் போட்டால் போதும் என்கிற மாதிரி இருக்கட்டும்.